மேல் சமையலறை

லார்க் லேனில் இருபத்திரண்டு வீடுகள். இருபத்திரண்டும் ஒரே அச்சு. நிறம் மட்டும் நாலு வகை. அதையும் கட்டிக் கொடுத்தவனே முடிவு செய்துவிட்டான். ஒரு சனிக்கிழமை போதையில் வந்த ஒருவர் அடுத்த வீட்டுக் கதவில் தன் சாவியைப் போட்டுக் கால் மணி நேரம் திருகிக்கொண்டு நின்ற கதை தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவர் யார் என்பதும் தெரியும். ஆனால் யாரும் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அவ்வளவு மரியாதையான தெரு.

அந்தத் தெருவிலேயே சுத்தமான சமையலறை ஏழாம் எண் வீட்டு நுன்சியாட்டாவுடையது. காலைக் காபிக்குக் கூடும் பெண்கள் அதைக் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் ஒப்புக்கொள்வார்கள். வெண்ணெய் மஞ்சளில் அலமாரிகள், அதே மஞ்சளில் குளிர்ப்பெட்டி, அதே மஞ்சளில் மின்சார அடுப்பு. மேலே நாலு சுருள், கீழே ஓவன். ஒரு துளி எண்ணெய் கிடையாது, ஒரு கீறல் கிடையாது.

"எப்படி நான்சி இப்படி வச்சிருக்கே? சுரண்டிச் சுரண்டி எனக்கு நகமே போச்சு" என்பாள் எதிர்வீட்டு லொரெய்ன். அந்தத் தெருவில் நுன்சியாட்டாவுக்கு நான்சி என்று பெயர். அவள் சிரித்துக்கொண்டே காபியை ஊற்றுவாள். மின்சாரக் கெண்டியில் ஆகிற காபி. அந்தச் சமையலறையில் ஆவது அது ஒன்றுதான்.

குடிவந்து பதினாலு மாதம். அந்த அடுப்பை அவள் ஒருமுறைகூட மூட்டியதில்லை.

சமையல் எல்லாம் கீழே நிலவறையில். துணி துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கறுப்பு கேஸ் அடுப்பு, அவள் கல்யாணத்தின்போது வாங்கியது. எதிரே நீளமான பலகை மேஜை. சுவர் முழுக்க அலமாரித் தட்டுகள். அவற்றில் செப்டம்பரில் அரைத்து அடைத்த தக்காளிச் சாறு நூற்று இருபது புட்டி, எண்ணெயில் ஊறும் மிளகாய், மூலையில் கணவன் எர்கோலே பிழிந்த திராட்சை மதுவுக்கு ஒரு பீப்பாய். நகரத்து பிரையர் ஹில் பகுதியில் வளர்ந்த எவளும் இதில் அதிசயப்பட மாட்டாள். அங்கே கையில் கொஞ்சம் காசு சேர்ந்த இத்தாலியக் குடும்பம் எதுவானாலும் இரண்டு சமையலறை வைத்துக்கொள்ளும். மேலே உள்ளது பாதிரியார் வந்தால் உட்கார வைக்க. கீழே உள்ளதில்தான் சமையல், சாப்பாடு, சண்டை எல்லாம். மேல் அடுப்பில் பூண்டு வதக்குகிறவளை அவர்கள் ஊதாரி என்பார்கள்.

இந்த வீட்டில் சிக்கல் வேறு. எர்கோலே மின்சாரக் கம்பெனியில் கம்பம் ஏறும் வேலைக்காரன். கம்பெனி தன் ஆட்களுக்குச் சலுகையில் வாங்கிக் கொடுத்த வீடுகளில் இதுவும் ஒன்று. வாசல் கதவருகே உள்ளங்கையளவு பித்தளைத் தகடு பளபளக்கும்: 'முழு மின்சார வீடு'. வெளிச்சம், வெந்நீர், குளிருக்குச் சூடு எல்லாமே கம்பியில் வருவது. கேஸ் குழாயே தெருவுக்குள் வரவில்லை. ஆகவே எர்கோலே மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒன்றுவிட்ட தம்பியின் கடையிலிருந்து ஒரு சிலிண்டரைக் கம்பளியில் சுற்றி, காரின் பின்சீட்டில் படுக்க வைத்து, சுகமில்லாத பிள்ளையைக் கூட்டி வருவதுபோல மெதுவாக ஓட்டிக்கொண்டு வருவான். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் வீட்டில் சாண்ட்விச் சாப்பிட்டோம் என்று சொல்ல இரண்டு பெண்பிள்ளைகளும் பழகியிருந்தார்கள்.

அந்த வருஷம், 1957 அக்டோபரில், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் எர்கோலே படி இறங்கி வந்தவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மேஜை முன் உட்கார்ந்தான். நுன்சியாட்டா அப்போது கீரையும் சின்னச் சின்ன இறைச்சி உருண்டையும் போட்ட சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"கேத்கார்ட் கூப்பிட்டாரு" என்றான். கேத்கார்ட் என்பவர் கம்பெனியின் வட்டார மேலாளர்.

"என்ன தப்புப் பண்ணே?"

"தப்பெல்லாம் இல்ல. வீட்டுச் சேவைப் பிரிவுல ஒரு இடம் காலியாம். வீடு வீடாப் போயி, எந்த அடுப்புக்கு எந்தக் கம்பி, எங்க விளக்குன்னு சொல்ற வேல. டை கட்டிட்டுப் போகணும்."

அவள் கரண்டியை வைத்தாள். "கம்பம் ஏற வேண்டாமா?"

"ஏணிகூட ஏற வேண்டாம்."

போன ஜனவரியில், மழையாக விழுந்து, விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறையும் அந்தப் பனிமழையில், எர்கோலேயின் கூட்டாளி பட் ஹான்சன் கம்பத்திலிருந்து விழுந்து செத்தான். எர்கோலே அடுத்த கம்பத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அன்றிலிருந்து அவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது: கம்பத்தில் கட்டிக்கொள்ளும் பெல்ட் என்றில்லை, சாதாரணக் கால்சட்டை பெல்ட்டைக்கூட நிமிடத்துக்கு ஒருமுறை விரலால் இழுத்துப் பார்ப்பான், கொக்கி மாட்டியிருக்கிறதா என்று. மாதா கோவிலில் மண்டியிட்டிருக்கும்போதும் பார்ப்பான். குளிர் காலம் இன்னும் ஆறு வாரத்தில் வந்துவிடும். அதற்குள் இவனைத் தரைக்கு இறக்கிவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அந்த வருஷம் வேறு வேண்டுதல் இல்லை.

"அப்ப என்ன யோசனை? சரின்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே."

"ஒரு விஷயம் இருக்கு நுன்சி." அவன் ரொட்டியைக் கிள்ளினான். "கம்பெனி ஒரு சமையல் விளக்கம் நடத்துது. அடுத்த வாரம் வியாழக்கிழமை. மிஸ் வின்ஸ்லோன்னு ஒரு அம்மா வந்து, தெருப் பொம்பளைங்க எல்லாருக்கும் மின்சார அடுப்புல விருந்து சமைச்சுக் காட்டுவாங்க. யாரோ நம்ம வீட்டுச் சமையலறை ரொம்ப சுத்தம்னு கேத்கார்ட் சம்சாரத்துக்கிட்ட சொல்லியிருக்காங்க."

"லொரெய்னா?"

"யாரோ. நம்ம வீட்டுல வச்சுக்கலாமான்னு கேட்டாரு. மத்தியானம் அவரே சாப்பிட வர்றாராம். வீட்டையும் பார்த்த மாதிரி, என்னையும் பார்த்த மாதிரி."

"என்ன சொன்னே?"

"எங்க வீட்டுல வைக்காம வேற எங்க வைப்பீங்கன்னேன்."

அவள் கறுப்பு அடுப்பைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

"கீழ்க் கதவைப் பூட்டிடலாம்" என்றான். "அன்னிக்கு மட்டும். நீ ஒண்ணும் சமைக்க வேண்டாம், அந்த அம்மாவே எல்லாம் பண்ணிடும். நீ உப்பை எடுத்துக் குடு, தட்டை எடுத்துக் குடு. ஆனா அந்த மேல் அடுப்பை ஒரு தடவ பத்த வச்சுப் பார்த்துடு. என்ன?"

"பார்த்துடறேன்."

அவள் பார்க்கவில்லை. மறுநாள் காலை அதற்காகவே மேலே போனாள். மஞ்சள் எனாமலில் தன் முகம் தெரிந்தது. பதினாலு மாதமாகத் தினம் துடைத்த அடுப்பு. முதல் கறை தன் கையால் விழுவதா என்று மனசு வரவில்லை. சோடா உப்பைத் தொட்டு இன்னொரு முறை துடைத்துவிட்டு இறங்கினாள். புதன்கிழமையும் அப்படியே. வெள்ளிக்கிழமை ஓவன் கைப்பிடியை மட்டும் பல் தேய்க்கும் பிரஷ் கொண்டு மூலை முடுக்கெல்லாம் தேய்த்தாள். "பத்த வச்சுப் பார்த்தியா?" என்று எர்கோலே கேட்டபோது "ம், நல்லா எரியுது" என்றாள். மின்சார அடுப்பு எரியாது, காயும். அந்த வித்தியாசம்கூட அவளுக்குத் தோன்றவில்லை, களைத்து வந்தவனுக்கும் உறைக்கவில்லை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மிஸ் வின்ஸ்லோ வந்தாள். தொப்பி, வெள்ளைக் கையுறை, கூடவே இரண்டு பெரிய கூடை. ஐம்பது வயதிருக்கும். கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தவள் சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"பதினெட்டு வருஷமா வீடு வீடாப் போறேன், மிசஸ் ஸ்கம்பாட்டி. இந்த மாதிரி நான் பார்த்ததில்லை."

பத்து மணிக்குள் பன்னிரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். எல்லோரும் அகலப் பாவாடை, எல்லோரும் அதே ஊசி முனைச் செருப்பு. மடக்கு நாற்காலிகளை லொரெய்ன்தான் தன் காரில் கொண்டுவந்து போட்டாள். யாரும் சொல்லாமலே கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. நுன்சியாட்டா குளிர்ப்பெட்டி ஓரம் நின்றுகொண்டாள். நிலவறைக் கதவுச் சாவி அவள் ஏப்ரன் பையில் கனத்தது.

"முதல்ல ஓவனைச் சூடு பண்ணுவோம்" என்று மிஸ் வின்ஸ்லோ ஒரு குமிழைத் திருகிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "தீக்குச்சி இல்லை, புகை இல்லை, கரி இல்லை. கவனிச்சீங்களா? நீங்க உங்க வேலையைப் பார்க்கலாம், அது அது வேலையைப் பார்க்கும்." பிறகு பன்றித் தொடைக்கறி மேல் அன்னாசி வளையங்களை அடுக்கினாள். ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் ஒரு செர்ரி. பெண்கள் குறித்துக்கொண்டார்கள். கறிக்கு எதற்குப் பழம் என்று நுன்சியாட்டாவுக்குத் தோன்றியது. வெளியே சொல்லவில்லை.

அன்னாசி அடுக்கி முடியும்போதுதான் வாசனை வந்தது. முதலில் லேசாக, காகிதம் கருகுவதுபோல. முன்வரிசையில் ஒருத்தி மூக்கைச் சுருக்கினாள். ஓவன் கதவின் மேல்விளிம்பிலிருந்து ஒரு நூல் புகை கிளம்பியது, பிறகு ஒரு கயிறு, பிறகு கறுப்பாக ஒரு மொத்தை. மிஸ் வின்ஸ்லோ பதறவில்லை. குமிழை அணைத்தாள், தடித் துணியைக் கையில் சுற்றினாள், கதவைத் திறந்தாள். உள்ளே தட்டின் மேல் அட்டைப் பெட்டி ஒன்று, நூலால் கட்டிய கட்டோடு, விளிம்பெல்லாம் கருகிக் கனன்றுகொண்டிருந்தது. அடுப்பை வைத்துவிட்டுப் போனவர்கள் விட்டது. அதை அப்படியே தூக்கித் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். ஜன்னல்களை லொரெய்ன் திறந்தாள்.

தொட்டியில் மிஞ்சியது பாதி கருகிய ஒரு கையேடும் ஒரு மஞ்சள் சீட்டும். லொரெய்ன் எட்டிப் பார்த்து வாசித்தாள்:

"'அடுப்பை முதல் முறை உபயோகிக்கும் முன் இதை அகற்றவும்.'"

யாரும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு பேரும் திரும்பி நுன்சியாட்டாவைப் பார்த்தார்கள்.

"முதல் முறையா?" என்றாள் லொரெய்ன். அதில் விஷம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "நான்சி, நீ வந்து பதினாலு மாசம் ஆச்சே. அப்ப எங்க சமைக்கிறே?"

வாசல் கதவு திறந்தது அந்த நேரம். மத்தியானம் வர வேண்டிய கேத்கார்ட் முன்னதாகவே, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, புகைக்கு மூக்கைச் சுளித்தபடி உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் எர்கோலே. கல்யாணச் சட்டை, கடன் வாங்கிய டை. தொட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் விரல் இடுப்புக் கொக்கிக்குப் போனது.

கீழே கேஸ் அடுப்பில் சமைக்கிறேன் என்று சொன்னால், வாசலில் கம்பெனித் தகட்டை மாட்டிக்கொண்டு கம்பெனியை ஏமாற்றிய வீடு என்று ஆகும். டை கட்டும் வேலை போகும். ஜனவரியில் கம்பம். இவ்வளவும் அவளுக்கு ஒரே நொடியில் ஓடியது. ஏப்ரனைக் கையால் நீவிவிட்டுச் சொன்னாள்:

"எனக்குச் சமைக்கத் தெரியாது."

பிரையர் ஹில்லில் ஒரு பெண் இந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டவர் யாரும் இல்லை. பதினொரு வயதில் நாற்பது பேர் சாப்பிட்ட மேஜைக்கு இறைச்சி உருண்டை பிடித்தவள் அவள். சொல்லும்போது காது மடல் வரை சுட்டது.

"தெரியாதுன்னா?"

"தெரியாது. ரொட்டி வாங்குவேன், டின்னைத் திறப்பேன். ஓவன்னாலே எனக்குப் பயம். அவரு பாவம், பொறுத்துக்கிட்டுப் போறாரு. வெளிய சொல்ல வெட்கமா இருந்துச்சு. அதான் துடைச்சுத் துடைச்சு வச்சேன்."

எர்கோலேயின் முகம் வெளுத்தது. அவன் வாயைத் திறந்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

லொரெய்ன்தான் முதலில் எழுந்து வந்தாள். வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அடிப் பாவமே, இத்தனை நாளா இதைச் சொல்லாம இருந்தியா? நாங்க எல்லாம் உன் சமையலறையைப் பார்த்துப் பயந்துக்கிட்டு இருந்தோமே." மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியதை நுன்சியாட்டா உணர்ந்தாள். இத்தனை நாளும் அவர்கள் அவளோடு சிரித்தார்களே தவிர அவளைப் பிடித்திருந்ததில்லை. சமைக்கத் தெரியாதவள் என்றதும் பிடித்துப்போயிற்று.

எல்லோரையும்விட மகிழ்ந்தவர் கேத்கார்ட். "கொஞ்சமும் சமைக்கத் தெரியாத அம்மா ஒருத்தர், மின்சார அடுப்புல கத்துக்கிறாங்க. கம்பெனிப் பத்திரிகையில போடலாம், எர்னி. படத்தோட." எர்னி என்பது எர்கோலே. மூன்று மாதத்துக்கு வாரம் ஒரு பாடம் நடத்த மிஸ் வின்ஸ்லோவுக்கு அங்கேயே உத்தரவானது. ஓவனைத் துடைத்துவிட்டு மறுபடி சூடாக்கினார்கள். கறி வெந்தது. கேத்கார்ட் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். டிசம்பர் முதல் தேதியிலிருந்து எர்கோலே வீட்டுச் சேவைப் பிரிவு.

அன்று சாயங்காலம் அவன் நிலவறையில் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டே இருந்தான். பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

"நீ அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்."

"வேற என்ன சொல்லச் சொல்றே?"

"என்னமோ. அடுப்பு ரிப்பேருன்னு சொல்லியிருக்கலாம்."

"பதினாலு மாசமாவா?"

அவன் கரண்டியைத் தொடவில்லை. "எங்கம்மா உன்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப என்ன கேட்டா தெரியுமா? குழம்பை மட்டும்தான் கேட்டா. உன் முகத்தைக்கூட அப்புறம்தான் பார்த்தா."

"தெரியும். ஆறிடும், சாப்பிடு" என்றாள். அவன் சாப்பிட்டான். அவளுக்குத்தான் அன்று இறங்கவில்லை.

அதன்பின் தெரு அவளைத் தத்தெடுத்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை மிஸ் வின்ஸ்லோவின் பாடம். மற்ற நாட்களில் யாராவது ஒருத்தி மூடி போட்ட கண்ணாடித் தட்டோடு வாசலில் நிற்பாள். லொரெய்னுடைய டின் மீன் கேசரோல் வாரத்துக்கு இரண்டு முறை வரும்: வேகவைத்த நூடுல்ஸ், டின் மீன், அதன்மேல் ஒரு டின் காளான் சூப்பைக் கவிழ்த்து, உருளைக்கிழங்கு வறுவலை நொறுக்கித் தூவி ஓவனில் வைத்தது. வீணாக்குவது பாவம் என்று நான்கு பேரும் சாப்பிட்டார்கள். சின்னவள் மட்டும் ஒருநாள், "அம்மா, இதை ஏற்கெனவே யாராவது சாப்பிட்டுட்டாங்களா?" என்று கேட்டு அடி வாங்கினாள்.

அதையே நுன்சியாட்டாவும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மேல் சமையலறையில் அவள் செய்ய, லொரெய்ன் பக்கத்தில் நின்று ருசி பார்ப்பாள். கண்ணை மூடி, உதட்டை அசைத்து, தீர்ப்புச் சொல்வாள்.

"உப்புதான் கொஞ்சம் கம்மி, நான்சி. பரவாயில்ல. வந்துடும்."

"வந்துடுமா?"

"வந்துடும் கண்ணு. எனக்கும் ஆரம்பத்துல இப்படித்தான்."

நுன்சியாட்டா தலையாட்டுவாள். அவளுக்கு லொரெய்ன்மேல் கோபமே வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். மஞ்சள் எனாமலில் முதல் கறை விழுந்தது, இரண்டாவதும் விழுந்தது. கம்பெனிப் பத்திரிகையில் படம் வந்தது. எர்கோலே அதை மடித்து எங்கேயோ வைத்துவிட்டான். அவன் காலையில் டை கட்டிக்கொண்டு போனான், கைநகம் அழுக்காகாமல் வந்தான். ஆனால் கொக்கியைத் தொடும் பழக்கம் போகவில்லை.

ஜனவரி மூன்றாம் வாரம் அந்த மழை வந்தது. முதல் நாள் மத்தியானம் தூறலாக ஆரம்பித்து, விடிவதற்குள் தெருவில் ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு கம்பியும் விரல் கனத்துக்குக் கண்ணாடி போர்த்திக்கொண்டு நின்றன. காலை ஏழு மணிக்குத் தெருக்கோடியில் பெரிய மேப்பிள் மரம் முறிந்து கம்பிமேல் சாய்ந்தது. இருபத்திரண்டு முழு மின்சார வீடுகளும் ஒரே நொடியில் செத்தன. விளக்கு இல்லை, வெந்நீர் இல்லை, சூடு இல்லை. ஒன்பது மணிக்கு வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையாக வந்தது.

ஏழாம் எண் வீட்டு நிலவறையில் மட்டும் கறுப்பு அடுப்பின் நாலு தீயும் நீலமாக எரிந்துகொண்டிருந்தன. பெரிய பாத்திரத்தில் சூப். பிள்ளைகள் அடுப்பருகில் பெட்டி மேல் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள்.

எர்கோலே அங்கே இல்லை. மத்தியானமாகியும் மேல் சமையலறை ஜன்னலிலேயே நின்றான். அலுவலகம் மூடியிருந்தது, வீட்டுச் சேவைக்காரனை இந்த மாதிரி நாளில் யாரும் கூப்பிடுவதில்லை. எதிரே கம்பத்தில் அவனுடைய பழைய கூட்டாளிகள் இருவர் தொங்கினார்கள், கீழே இரண்டு பேர் கயிறு பிடித்துக்கொண்டு. மேஸ்திரி டட்சின் குரல் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.

நுன்சியாட்டா மேலே வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவன் கொக்கியைத் தொட்டான்.

"நாலு மணி நேரமாச்சு நுன்சி. மேல இருக்கிறவன் கால் இப்ப மரத்துப் போயிருக்கும். மரத்துச்சுன்னா பூட்ஸ்ல கட்டின ஆணி கம்பத்துல ஊணிச்சா இல்லையான்னு தெரியாது. பட்டுக்கும் அப்படித்தான் ஆச்சு."

பட் பெயரை அவன் வாயிலிருந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"போகப் போறியா?"

"நான் மட்டும் டை கட்டிட்டு ஜன்னல்ல நிக்கறேன்." டையை ஒரு இழு இழுத்தான். "எல்லாரும் பார்த்துட்டுப் போறானுங்க."

போ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போகாதே என்றால் இவன் இந்த ஜன்னலிலேயே நின்று உறைந்துபோவான். அந்தக் கம்பத்தைப் பார்த்தாள்.

"இறங்கி வரச் சொல்லு."

"என்ன?"

"ரெண்டு ரெண்டு பேரா இறங்கி வரச் சொல்லு. கீழ சூப் இருக்கு. கால் சூடானதும் ஏறட்டும்."

"நுன்சி, அவனுங்க கம்பெனி ஆளுங்க. அடுப்பைப் பார்ப்பானுங்க."

"பார்க்கட்டும்."

"கேத்கார்ட் காதுக்குப் போச்சுன்னா மறுபடி கம்பம்தான். உனக்குச் சம்மதமா?"

சம்மதம் இல்லை. "சூப் ஆறிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏப்ரன் பையிலிருந்து நிலவறைச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

முதலில் டட்சும் இன்னொருவனும் வந்தார்கள். தாடியில் பனிக்கட்டி, கையுறை மரக்கட்டையாக விறைத்திருந்தது. படியிறங்கி வந்தவர்கள் அடுப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். டட்ச் பத்தொன்பது வருஷமாகக் கம்பெனியில் இருப்பவன். நீலத் தீயைப் பார்த்தான், சிலிண்டரைப் பார்த்தான், எர்கோலேயின் டையைப் பார்த்தான்.

"டேய் எர்னி, இதுக்கு எந்தக் கம்பி?"

டட்ச் கையுறையைக் கழற்றி அடுப்பின் மேல் கையை நீட்டினான். விரல்கள் நடுங்கின. "என் கண்ணு ரெண்டும் பனியில உறைஞ்சு போச்சு, மிசஸ். ஒண்ணும் தெரியல. கிண்ணம் எங்க இருக்குன்னு மட்டும் கையில காட்டு." நுன்சியாட்டா கிண்ணத்தை அவன் கையில் வைத்தாள்.

அதற்குள் நிலவறை ஜன்னலின் ஆவியை எதிர்வீடு பார்த்துவிட்டது. பின்கதவு தட்டப்பட்டது. கோட்டின் மேல் கோட்டு, அதன்மேல் போர்வை, இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகள், நீலம் பாரித்த உதடு: லொரெய்ன்.

"நான்சி, உங்க வீட்டுல எப்படி..." என்று ஆரம்பித்தவள் படியிலேயே நின்றாள். அடுப்பு, மேஜை, உத்தரத்தில் தொங்கும் பூண்டுச் சரம், சுவர் முழுக்கத் தக்காளிப் புட்டி. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நுன்சியாட்டா பிள்ளைகளை இழுத்து அடுப்பருகே உட்கார வைத்தாள். லொரெய்ன் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். ஒரு கரண்டி குடித்தாள். இன்னொன்று குடித்தாள். மூன்றாவதற்கு அப்புறம் கம்பெனி ஆட்களை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, காபிக் கூட்டத்தில் பேசும் அதே குரலில் கேட்டாள்:

"நல்லா இருக்கே. இது எந்த டின், நான்சி?"

கம்பெனி ஆட்கள் முன்னால் தப்பித்துக்கொள்ள லொரெய்ன் ஒரு கயிறு போட்டாள். நுன்சியாட்டாவுக்குப் புரிந்தது. ஏதாவது ஒரு டின்னின் பெயரைச் சொன்னால் போதும். நாளைக்குத் தெருவில் எல்லாம் பழையபடி நடக்கும். அவள் வாயைத் திறந்தாள்.

"டின் இல்ல" என்றான் எர்கோலே. படியோரம் நின்றவன் டையைத் தளர்த்திக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தான். "என் பொண்டாட்டி வச்சது. பிரையர் ஹில்லுல இவ மாதிரி சமைக்கிறவ கிடையாது. யார் வேணும்னாலும் கேட்டுக்கட்டும்."

டட்ச் சூப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "காதும் உறைஞ்சு போச்சு" என்றான்.

நுன்சியாட்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுப்பைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். லொரெய்ன் கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள். அவள் மனசில் ஒரு கணக்கு ஓடுவது முகத்தில் தெரிந்தது: அக்டோபர், நவம்பர், டிசம்பர்.

"அப்ப என் கேசரோல் எல்லாம்?"

"சாப்பிட்டோம். ஒண்ணுகூடக் கொட்டல."

"நிஜமாவா?"

"சத்தியமா. பிள்ளைங்களக் கேளு."

"பிடிச்சிருந்துதா?"

மேலே கம்பத்தில் யாரோ கயிற்றை இழுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். நுன்சியாட்டா அவள் கிண்ணத்தை எடுத்து மறுபடி விளிம்பு வரை நிரப்பினாள். இந்தப் பெண் தனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே, கண்ணை மூடி, உதட்டை அசைத்து, கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"உப்புதான் கொஞ்சம் கம்மி, லொரெய்ன்" என்றாள். "வந்துடும்."